நவீத் இன்னும் கையெழுத்துப் போடவில்லை

"மேனுவல் எங்க, ஆபா?"

மிக்ஸி ஜாரை மடியில் வைத்துக்கொண்டு நவீத் எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். ஜாரின் அடியில் பிளேடு லூஸாகி, அரைக்கும்போது தண்ணீர் கசிகிறது. ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும். தெருமுனையில் குக்கர் ரிப்பேர் செய்கிறவர் டீ குடித்துக்கொண்டே செய்து கொடுத்துவிடுவார். நவீத் வாட்சைக் கழற்றி ஜன்னல் ஓரம் வைத்தாகிவிட்டது. கையைத் துடைத்தாகிவிட்டது. சட்டைப் பையிலிருந்து குட்டி டார்ச்சை எடுத்து ஜாருக்குள் அடித்துப் பார்த்தும் ஆகிவிட்டது. இப்போது அவனுக்கு வேண்டியது மிக்ஸி வாங்கியபோது கூடவே வந்த புத்தகம்.

"அது எப்பவோ போச்சுடா. கைய வெச்சு திருகேன்" என்கிறாள் வஜீதா. அவள் என் மனைவி, அவனுடைய அக்கா. அரைக்க எடுத்துவைத்த தேங்காயும் பச்சை மிளகாயும் அவள் முன்னால் தட்டில் காத்துக் கிடக்கின்றன.

"ஞாபகத்துல செய்யக்கூடாது ஆபா. எந்தப் பக்கம் திருகணும், எவ்ளோ டைட் பண்ணணும்னு அதுல எழுதி இருக்கும்."

"தெனமும் பிளேனையே கழட்டி மாட்றவன் நீ. இது இன்னா பெரிய வேலையா?"

"அதையும் புக்க வெச்சுகினுதான் மாட்றேன்."

போனில் கம்பெனி பெயரையும் மாடலையும் தேடிப் புத்தகத்தை இறக்கிவிட்டான். அது வேறு மாடலுக்கு உரியது என்று கண்டுபிடித்து மூடியும் வைத்துவிட்டான். அன்று காலை நாங்கள் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டோம்.

நவீத் சென்னை விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பு இன்ஜினியர். நாலு நாள் வேலை, நாலு நாள் லீவு. லீவு என்றதும் ரயிலேறி ஆம்பூருக்கு வந்துவிடுவான். அவன் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறது என்பது என் தலையெழுத்து. வீட்டில் நாங்கள் பேசுவது பாதி தமிழ் கலந்த ஆம்பூர் உருது. எனக்குக் கோபம் வந்தால் மட்டும் முழுத் தமிழ். நவீத் லீவில் வந்துவிட்டால் நாலு நாளும் முழுத் தமிழ்தான்.

தோலும் ஷூவுமாக இருக்கிற இந்த ஊரில் அவன் செய்யும் வேலை என்னவென்று யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. பாதிப் பேர் அவனைப் பைலட் என்று நினைக்கிறார்கள், மீதிப் பேர் மெக்கானிக் என்று. அவனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தபோது பேரணாம்பட்டில் ஒரு வீட்டில், "கேரேஜ் சொந்தமா, வாடகையா?" என்று விசாரித்தார்கள். பிளஸ் டூ முடித்து மூன்று வருஷம் படித்து, அப்புறம் ஹெல்பராக வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பேப்பராக எழுதி, விழுந்து எழுந்து, லைசென்ஸ் வாங்குவதற்குள் அவன் தலையில் முன்பக்கம் காலியாகிவிட்டது. அந்த லைசென்ஸில் எந்தெந்த வகை விமானத்தில் அவன் கைவைக்கலாம் என்று எழுதியிருக்கும். எழுதாததில் கைவைக்க மாட்டான்.

எதிர்வீட்டு வேலாயுதம் பாவம், நல்ல மனுஷன். ஒருநாள் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஸ்டார்ட் ஆவல தம்பி, ஒரு பார்வ பாருங்களேன்" என்றார்.

"அதுக்கு எனக்கு லைசென்ஸ் இல்லீங்க" என்றான் நவீத்.

"ஓட்ட வேணாம் தம்பி. ரிப்பேர்தான்."

"ரிப்பேருக்குத்தான் சொல்றேன்."

கிண்டல் செய்கிறான் என்று நினைத்து வேலாயுதம் வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார். பிறகு ஒரு மாதம் என்னைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இதில் எங்கே வந்தேன்?

போன டிசம்பரில் எங்கள் வீட்டுக் குளியலறை ஹீட்டரில் லேசாக ஷாக் அடிக்கிறது என்று வஜீதா அவனிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். வந்து பார்த்தான். சுவிட்சின் மேல் ஒரு சிவப்புத் துணிப்பட்டையைக் கட்டி, அதில் 'உபயோகிக்கக் கூடாது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டுச் சென்னைக்கு ரயிலேறிவிட்டான். நான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் ஒயரைச் சரிசெய்தேன். பட்டையை அவிழ்க்கப் போனால் வஜீதா குறுக்கே வந்து நிற்கிறாள். "அவன் கட்டினத அவன்தான் அவுக்கணும்." குடும்பத்துக்கே அந்த வியாதி. மார்கழிக் குளிரில் நாலு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். அவன் வந்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, பட்டையை அவிழ்த்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "இப்ப ஓகே பாய்" என்றான். எனக்கு ஜலதோஷம் பிடித்துப் போயிருந்தது.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். என் வயிற்றெரிச்சல் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒரு விமானம் கிளம்புமுன், இது பறக்கத் தகுதியாக இருக்கிறது என்று அதன் புத்தகத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நவீத்தின் வேலை அது. அங்கே அவன் கம்பெனிக்காகக் கையெழுத்துப் போடவில்லை, தன் சொந்தப் பெயரைப் போடுகிறான். நாளை ஏதாவது ஆனால் முதலில் அவன் பெயரைத்தான் தேடுவார்கள். ஆகவே தான் பார்க்காததற்கு அவன் கையெழுத்துப் போடுவதில்லை. நல்லது. நானும் விமானத்தில் போகிறவன்தான், எனக்கும் அது சௌகரியம். ஆனால் அந்தப் பழக்கத்தை அவன் ஏர்போர்ட்டிலேயே வைத்துவிட்டு வரக்கூடாதா?

பார்சல் வந்தால் பிரித்து, உள்ளே இருப்பதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்கப்புறம்தான் கையெழுத்து. "பாய், உங்க மச்சான் வீட்டு பார்சல்னாலே பேஜாரு. என் ரூட்டே லேட்டாவுது" என்று கூரியர்காரர் என்னிடம் வந்து புலம்பிவிட்டுப் போனார். அவன் மகன் தானிஷின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுமுன் மார்க்குகளைத் தானே கூட்டிப் பார்த்தான். டீச்சர் கூட்டலில் தப்பு. பையனுக்கு மார்க் ஜாஸ்தியாக விழுந்திருந்தது. எந்த அப்பனாவது பள்ளிக்கூடத்துக்குப் போய் மகன் மார்க்கைக் குறைத்துக்கொண்டு வருவானா? இவன் போனான். தானிஷ் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவன் மனைவி உமைமா இரண்டு நாள் சமைக்கவில்லை. நவீத் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டான்.

அவனோடு வேலை பார்க்கும் கோபி என்கிற நாட்றம்பள்ளிக்காரர் ஒரு ரம்ஜானுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். வேலை முடிந்து எண்ணும்போது ஒரு ஸ்பேனர் குறைகிறது என்று நவீத் விமானத்தையே நிறுத்திவைத்த கதையை அவர்தான் சொன்னார். பயணிகள் கத்துகிறார்கள், மேனேஜர் கத்துகிறார், இவன் மட்டும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்துக்கு மேலே இருக்கும் இண்டு இடுக்கெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறான். "சார், எல்லாரும் சத்தம் போட்றாங்க சார்னு நான் சொன்னேன். போடட்டும் கோபி, அவங்கதான் இதுல ஏறிப் போவப்போறாங்கன்னாரு" என்று கோபி பெருமையாகச் சொன்னார். ஸ்பேனர் கிடைத்ததா என்று கேட்டேன். வேறொருவர் பையில் இருந்ததாம்.

என் தொழிலைச் சொன்னால் உங்களுக்கு என் கஷ்டம் புரியும். ஷூவுக்கு உள்பக்கம் வைக்கிற லைனிங் தோலை டேனரிகளில் வாங்கிக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறேன். சாம்பிள் ஒரு மாதிரி இருக்கும், சரக்கு கொஞ்சம் வேறு மாதிரி வந்து சேரும். மழைக்காலம், நிறம் தூக்கலாகிவிட்டது, என்ன செய்வது? கொஞ்சம் விட்டுக்கொடுத்து, டீ சொல்லி, பேசி முடித்துவிடுவோம். பேசி முடிக்க முடியாத விஷயம் என்று எங்கள் தொழிலில் ஒன்றும் கிடையாது. நவீத்திடம் பேசி முடிக்கலாம் என்கிற விஷயமே கிடையாது.

இப்படிப்பட்டவனைத்தான் போன ஜனவரியில் என் மகள் ஹுமேராவின் நிக்காஹுக்குச் சாட்சியாகப் போட வேண்டும் என்று வஜீதா பிடிவாதம் பிடித்தாள்.

"வேணாம் வஜீதா. அவன் ஏதாவது இழுத்துவிடுவான்."

"பொண்ணுக்கு ஒரே மாமு அவன். அவன விட்டுட்டு வேற யாரப் போடுவீங்க?"

ஒப்புக்கொண்டேன். மாப்பிள்ளை ஃபைஸான் தங்கமான பையன். அவன் அப்பா முக்தார் அகமது வாணியம்பாடியில் ஷூ யூனிட் வைத்திருப்பவர். என்னிடம் சரக்கு எடுப்பவர்களில் பெரிய பார்ட்டி. சொன்ன நேரத்துக்குச் சரக்கு வரவில்லை என்றால் லாரியைத் திருப்பி அனுப்பும் ரகம். அவர் முன்னால் ஒரு தடங்கலும் வரக்கூடாது என்று வாலாஜாபேட்டையிலிருந்து வர வேண்டிய பூவைக்கூட முந்தின நாளே வரவழைத்திருந்தேன்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளை ஆண்கள் பக்கம் மேடையில் இருப்பான், பெண் உள்ளே தனி அறையில் இருப்பாள். பெண்ணின் சார்பில் பேசப் பொறுப்பேற்றவருக்கு நிக்காஹில் வக்கீல் என்று பெயர். கறுப்புக் கோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் இரண்டு சாட்சிகளோடு பெண்ணிடம் போய், இன்னாருக்கு, அவர் தரும் இந்த மஹர் தொகைக்கு உன்னை மணம்செய்து தரச் சம்மதமா என்று கேட்பார். பெண் சம்மதம் சொல்வாள். அதைக் கேட்ட சாட்சிகள் புத்தகத்தில் கையெழுத்துப் போட, வெளியே பள்ளிவாசல் ஹஸ்ரத் நிக்காஹ் ஓதுவார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை. எங்கள் குடும்பத்தில் எத்தனை நிக்காஹ் பார்த்துவிட்டேன், ஒருமுறைகூட யாரும் இந்த இடத்தில் நின்றதில்லை.

வக்கீலாக என் அண்ணன் நயீம் அகமது. இன்னொரு சாட்சி வஜீதாவின் சித்தப்பா. அவருக்குச் சர்க்கரை வியாதி, சாப்பாட்டு நேரம் தள்ளக்கூடாது. ஆகவே அறைக்குள் போவதற்கு முன்னாலேயே கையெழுத்தைப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். மனுஷன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மூவரும் உள்ளே போனார்கள். நான் வாசலில் நின்றுகொண்டேன். அறை முழுக்கப் பெண்கள். ஏசி ஓடுகிறது, குழந்தைகள் அழுகின்றன, யாரோ வளையல் பெட்டியைத் தேடுகிறார்கள். அண்ணன் கேள்வியை உருதுவில் மடமடவென்று படித்தார். முக்காட்டுக்குள் ஹுமேராவின் தலை அசைந்த மாதிரி இருந்தது. "ஹூம்" என்று ஒரு சத்தம் வந்தது. "ஆச்சு ஆச்சு, சொல்லிட்டா" என்று பெண்கள் கூவினார்கள். அண்ணன் துஆ செய்து, புத்தகத்தை நவீத்திடம் நீட்டினார்.

"எனக்கு கேக்கல" என்றான் நவீத்.

நான் கதவை நெருங்கினேன்.

அண்ணன் மறுபடியும் படித்தார். மறுபடியும் "ஹூம்" வந்தது.

"இப்ப ஹூம்னது யாரு?"

ஹுமேராவை ஒட்டி உட்கார்ந்திருந்த வஜீதாவின் பெரியம்மா, "நான்தான்டா. பொண்ணு வெக்கப்படுது இல்ல?" என்றார்.

"நிக்காஹ் உங்களுக்கா பெரியம்மா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அவனுக்குக் கிண்டல் வராது.

அண்ணன் பொறுமையாகத்தான் சொன்னார். "நவீத், பொண்ணு பேசாம இருந்தாலே சம்மதம்னுதான் அர்த்தம். ஹஸ்ரத்தையே கேளு, சொல்வாரு."

"சரி பாய். அவ பேசாம இருந்தான்னு எழுதுங்க, கையெழுத்து போட்றேன். இதுல 'வாயால் சொன்னதைக் காதால் கேட்டோம்'னு எழுதி இருக்கு. நான் கேக்கலியே."

"டேய், எல்லா புக்குலயும் அப்படித்தான் அச்சடிச்சிருக்கும்!"

"அப்ப கேட்டுட்டுத்தான் போடணும்."

நான் உள்ளே போனேன். வாழ்க்கையில் அவ்வளவு தெளிவான தமிழ் நான் பேசியதில்லை. "வெளிய ஜனம் உக்காந்திருக்குடா. தேக்ஸா திறந்தாச்சு, பிரியாணி ஆறுது. இது பிளேன் இல்லடா நவீத், நிக்காஹ்!"

"பிளேனா இருந்தா நாளைக்கு திரும்பி வரும் பாய். மறுபடி பாத்துக்கலாம்" என்றான். குரலை உயர்த்தவில்லை. அதுதான் மனுஷனைக் கொல்வது. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். "எல்லாரையும் கொஞ்சம் வெளிய அனுப்புங்க. அவ குரல் எனக்கு கேக்கணும், அவ்ளோதான்."

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்கள். அங்கேதான் வினை பிடித்தது. அறையிலிருந்து வெளியே வந்த கூட்டம் வராண்டாவுக்குப் போக, வராண்டாவிலிருந்து செய்தி ஆண்கள் பக்கம் போக, நான் மேடையை எட்டிப் பார்ப்பதற்குள் மஹால் முழுக்க ஒரே பேச்சு: பெண் சம்மதிக்கவில்லையாம், தாய்மாமன் அறையைப் பூட்டிவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறானாம். முக்தார் அகமது நாற்காலியிலிருந்து எழுந்து என்னிடம் வந்தார். "இன்னா பாய், பொண்ணு வேணாங்குதா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் என் ஜனங்கள கூட்டிகினு போறேன்." இல்லை பாய், ஒரு நிமிஷம் பாய், என் மச்சான் பிளேன் இன்ஜினியர் பாய் என்று ஏதேதோ சொன்னேன். பிளேனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் என்னைப் பார்த்தார். நியாயமான கேள்விதான்.

திரும்ப ஓடிவந்தேன். அறையில் இப்போது ஹுமேராவைத் தவிர அண்ணன், சித்தப்பா, வஜீதா, நவீத் நாலு பேர்தான். நவீத் ஹுமேராவின் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தான். ஏசியை நிறுத்தியிருந்தான்.

"பெரியப்பா படிச்சது கேட்டுச்சா ஹுமேரா?"

தலை அசைந்தது.

"தலைய ஆட்டாத. வாயால சொல்லு."

"கேட்டுச்சு மாமு."

"சம்மதமா?"

நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். சொல்லு கண்ணு, சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சுகிறேன். அவன் அசையவில்லை. கெஞ்சவில்லை, நல்ல பையன்தான் என்று எடுத்துச் சொல்லவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இந்த உலகத்தில் அவனுக்கு வேறு ஜோலியே இல்லை என்பது போல உட்கார்ந்திருந்தான்.

"மாமு, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நான் வேலைக்குப் போறத பத்தி. போலாம்னு அவரு எங்கிட்ட சொல்லிட்டாரு. அவங்க அப்பா முன்னாடி சொல்லல. இன்னைக்கு சொல்லலன்னா அவரு அப்புறம் எப்பவும் சொல்லமாட்டாரு. எனக்குத் தெரியும்."

ஹுமேரா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் செக்ஷனில் இருக்கிறாள். கம்ப்யூட்டரில் ஷூவின் பேட்டர்ன் போடும் வேலை. அவள் போட்ட பேட்டர்னில் தைத்த ஷூ வெளிநாட்டுக் கடையில் இருக்கிற படத்தை எங்களிடம் ஆயிரம் முறை காட்டியிருப்பாள்.

"அப்பாகிட்ட சொன்னியா?" என்று நவீத் கேட்டான்.

"சொன்னேன். அப்புறம் பேசிக்கலாம்னாரு."

அப்படிச் சொன்னேன்தான். கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்த பிறகு வந்து கேட்டால் ஒரு தகப்பன் வேறென்ன சொல்வான்? ஆனாலும், இத்தனை நாள் மனசில் வைத்திருந்ததை அவள் என்னிடம் விட்டுவிட்டு அவனிடம் சொன்னாளே என்று எனக்கு வருத்தம்தான். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

நவீத் எழுந்தான். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வராண்டாவைக் கடந்து, பேச்சு அடங்கிய கூட்டத்தின் நடுவே நேராக மேடையைப் பார்த்து நடந்தான். நான் பின்னால் ஓடினேன். சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன், இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று விட்டேன். மாப்பிள்ளையின் முகத்தில் தொங்கிய பூச்சரத்தை அவனே ஒதுக்கிவிட்டான்.

"ஃபைஸான், ஹுமேரா வேலைக்குப் போறத பத்தி நீ இன்னா சொன்ன?"

"அவங்ககிட்டயே சொல்லிட்டேனே மாமு" என்றான் மெல்லிய குரலில்.

"எங்கிட்ட சொல்லு. உங்க அப்பாவுக்கும் கேக்கற மாதிரி."

ஃபைஸான் தன் அப்பாவைப் பார்த்தான். முக்தார் அகமது என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன். ஹஸ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். நவீத் மட்டும் ஃபைஸானைப் பார்த்துக்கொண்டு, உள்ளே எப்படிக் குந்தியிருந்தானோ அப்படியே இங்கேயும் குந்தி உட்கார்ந்துவிட்டான். எனக்கு வாணியம்பாடி வியாபாரம் முழுவதும் கண்முன்னால் லாரியேறித் திரும்பிப் போவது தெரிந்தது.

"அவங்க வேலைக்குப் போவாங்க" என்றான் ஃபைஸான். குரல் பாதியில் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் வாக்கு குடுத்திருக்கேன் அப்பா. அவங்க போவாங்க" என்று இன்னும் பலமாகச் சொன்னான்.

முக்தார் அகமது மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "இத நேத்தே சொல்றதுக்கு இன்னாடா? நம்ம யூனிட்லயே பேட்டர்ன் போட ஆள் இல்லாம அவதிப்பட்றோம். அங்கியே வரட்டும், போ."

முடிந்தது என்று நினைத்தேன். நவீத்தைத் தெரிந்தும் நினைத்தேன்.

"எந்தக் கம்பெனின்றத அவதான் சொல்லணும்" என்று எழுந்தான். "கேட்டுட்டு வர்றேன்."

"நவீத்!" என்று நான் அலறியது தெருவரை கேட்டிருக்கும். அவன் அதற்குள் வராண்டாவில் இருந்தான்.

இப்போ இருக்கிற கம்பெனியே போதும் என்றாள் ஹுமேரா. முக்தார் அகமது, "சரி, அதுவும் ஆச்சு. இனி அந்த ஆள நகரவிடாம புடிங்கப்பா" என்றார். அண்ணன் மூன்றாம் முறையாகக் கேள்வியைப் படித்தார். அதற்கு என் மகள் சொன்ன சம்மதம், ஏசி நின்றுபோன அந்த அறையைத் தாண்டி, வராண்டாவில் நின்ற பெண்களைத் தாண்டி, மேடையில் இருந்த ஃபைஸானுக்கே கேட்டதாம். பெரியம்மா வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நவீத் பேனாவை எடுத்தான். முழுப் பெயரை எழுதினான், தேதி போட்டான், வாட்சைப் பார்த்து நேரத்தையும் போட்டான். "நேரம் போட இங்க இடமே கெடையாதேப்பா" என்றார் ஹஸ்ரத். சித்தப்பா அதற்குள் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பிரியாணி ஆறித்தான் போயிருந்தது. பந்தியில் ஒருவர் விடாமல் என்னிடம் வந்து, இன்னா பாய் பிரச்சனை, இன்னா பாய் பிரச்சனை என்று கேட்டார்கள். சாயங்காலம்வரை நான் நவீத்தோடு பேசவில்லை. எதிரில் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பந்தியில் கத்திரிக்காயை இரண்டாம் முறை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பெண்ணை வழியனுப்பினோம். பூ சுற்றிய கார் மஹால் வாசலில் நின்றது. வஜீதா மகளைக் கட்டிக்கொண்டு விடவில்லை, உமைமா அழுதாள், நானும் அழுதேன், எனக்கு அதில் வெட்கமில்லை. ஒருவழியாக ஹுமேராவைப் பின்சீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஏற்றிக் கதவைச் சாத்தினோம். டிரைவர் வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். என்னவென்று பார்த்தால், காருக்கு முன்னால், கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி, நவீத் நிற்கிறான். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நட்ட கம்பம்போல நிற்கிறான்.

கொல்கத்தாவுக்குச் சரக்கு விஷயமாகப் போனபோது ஜன்னல் வழியே நான் இதைப் பார்த்திருக்கிறேன். விமானம் கிளம்பத் தயாரானதும் கீழே ஒருவர் தள்ளிப்போய் நின்று, பைலட்டின் கண்ணில் படும்படி இப்படித்தான் கையை உயர்த்துவார். மேலேயிருந்து பதிலுக்கு ஒரு கை அசையும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். அதற்குப் பிறகுதான் அவருடைய வேலை முடிந்ததாகக் கணக்கு.

"டேய் நவீத், வழிய விடுடா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். டிரைவர் மூன்றாம் முறை ஹாரன் அடித்தார். அவன் என்னையும் பார்க்கவில்லை, டிரைவரையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால், பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் தோளைத் தாண்டி முக்காடு ஒன்று முன்னால் குனிந்தது. மருதாணி சிவந்த கை ஒன்று மேலே எழுந்து, விரல் விரித்து நின்றது. நவீத் தன் கையை இறக்கினான், ஓரமாக ஒதுங்கினான்.